இரண்டரை யூரோ எல்லை

பாரிஸிலிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்கள் எவை என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒரே கணக்கை வைத்து ஊர்களை வரிசைப்படுத்துகின்றன: ரயிலில் எத்தனை நிமிடம். ஷாந்தியி 25 நிமிடம், ரான்ஸ் முக்கால் மணி, ஷார்த்ர் ஒரு மணி சொச்சம், ப்ரோவேன் ஏறக்குறைய ஒன்றரை மணி. எண்களில் தவறில்லை. ஆனால் அதை நம்பிக் கிளம்புகிறவர், ஷாந்தியி நிலையத்தில் இறங்கிய பிறகு அரண்மனைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்வார். அதற்கு அரை மணி நேரம். ஷார்த்ரிலோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களும் கண்ணில் படும், பத்து நிமிடத்தில் வாசலில் நிற்கலாம். ரான்ஸுக்கு அதிவேக ரயில். குறிப்பிட்ட வண்டி, குறிப்பிட்ட இருக்கை. அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இருபது நிமிடம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. முக்கால் மணி என்று சொன்ன பயணம் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும்.

ஒரு நாள் பயணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு என்பது என் எண்ணம். ஊரில் இறங்கியபின் நிலையத்திலிருந்து பார்க்க வேண்டிய இடத்துக்கு எப்படிப் போவது என்பது ஒன்று. கையிலிருக்கும் சீட்டு எந்த வண்டிக்கும் செல்லுமா, ஒரே வண்டியோடு நம்மைக் கட்டிப்போடுமா என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிது. எந்த வண்டியிலும் ஏறலாம் என்றால் மழை வந்தால் சீக்கிரம் கிளம்பலாம், இடம் பிடித்துப்போனால் இருட்டும்வரை இருக்கலாம், காலையில் தூங்கிவிட்டால் அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். முன்பதிவு செய்த வண்டி என்றால் மதியம் மூன்று மணியிலிருந்தே கண் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும்.

2025 ஜனவரி 1

இந்த விஷயத்தில் பாரிஸுக்கு ஒரு திருப்புமுனை இருக்கிறது. அன்றுவரை பாரிஸைச் சூழ்ந்த இல்-து-பிரான்ஸ் மாகாணத்தில் மெட்ரோவுக்கு ஒரு விலை, நகரைத் தாண்டிப் போகும் ரயில்களுக்குத் தூரத்துக்கேற்ற விலை. வெர்சாய்க்கு ஒரு சீட்டு, ஃபோந்தேன்ப்ளோவுக்கு வேறொரு சீட்டு. மெட்ரோ சீட்டோடு தவறாக நகர எல்லையைத் தாண்டிப்போய்ப் பரிசோதகரிடம் அபராதம் கட்டியவர்கள் ஏராளம். மாதச் சீட்டு வைத்திருக்கும் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை 2015 செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது. அப்போது நவிகோ என்ற அந்த மாதச் சீட்டு மண்டலப் பிரிவுகள் இல்லாமல் மாகாணம் முழுக்கச் செல்லும்படி ஆனது. தனிச்சீட்டு வாங்குகிறவர்கள் இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2025-இன் முதல் நாளில் வந்த முறைப்படி மெட்ரோ, ரயில், நகரையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். விரைவு ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு, விலை 2.50 யூரோ. அடுத்த மெட்ரோ நிறுத்தத்தில் இறங்கினாலும் அதே விலை, மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ப்ரோவேன் வரை போனாலும் அதே விலை. 2026-இல் ஐந்து சென்ட் கூடியது. கீழே நான் போடும் கணக்கெல்லாம் 2025-ஆம் ஆண்டின் விலையில். நகருக்குள்ளேயே போய்வருகிறவர்களுக்கு இது விலையேற்றம்தான், முந்தைய மெட்ரோ சீட்டு 2.15 யூரோவாக இருந்தது. அதற்காகக் குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் தொலைவில், வாடகை குறைந்த ஊர்களில் குடியிருந்து நகருக்கு வந்துபோகிறவர்கள்தான் அதுவரை கூடுதல் விலை கொடுத்துவந்தார்கள். அந்தப் பாரத்தை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்துகொள்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். சுற்றுலாப் பயணிகளுக்கு அதனால் கிடைத்தது எதிர்பாராத பரிசு.

இந்தச் சீட்டின் விதிகளைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதன்முறை அட்டையைத் தட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறிக்கொள்ளலாம். வீட்டருகே மெட்ரோவில் தட்டும் அதே சீட்டு ஃபோந்தேன்ப்ளோ வரை செல்லும், பெரிய நிலையத்தில் இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. பேருந்தும் டிராமும் இதில் சேராது, அவற்றுக்குத் தனியாக 2 யூரோ. விமான நிலையங்களுக்கும் இது செல்லாது, அதற்கு 13 யூரோ சீட்டு. இரண்டு யூரோ கொடுத்து நவிகோ ஈஸி அட்டை வாங்கிச் சீட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம், அல்லது கைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். நாள் சீட்டு 12 யூரோ. அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். போக வர 5 யூரோ, சேரும் ஊரில் பேருந்து இருமுறை என்றால் 4 யூரோ, மாலையில் இன்னொரு மெட்ரோ 2.50, ஆக மொத்தம் 11.50. அதற்கு மேலும் சுற்றுவதாக இருந்தால் மட்டுமே நாள் சீட்டு லாபம். அதுவும் 24 மணி நேரச் சீட்டு கிடையாது, நள்ளிரவோடு முடிந்துவிடும். வாரச் சீட்டு 31.60 யூரோ, திங்கள் முதல் ஞாயிறு வரை. வியாழனுக்குப் பிறகு நடப்பு வாரத்துக்கு வாங்க முடியாது, வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான் கிடைக்கும். திங்களோ செவ்வாயோ வந்திறங்கி, தினமும் நகருக்குள்ளும் சுற்றி, மூன்று நாள் வெளியூரும் போகிறவர்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

இந்த எல்லை தூரத்தைப் பார்த்துப் போட்டதில்லை, நிர்வாக எல்லை. வடக்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ஷாந்தியி மாகாணத்துக்கு வெளியே, அடுத்த மாகாணத்தில் இருக்கிறது. அங்கே 2.50 சீட்டு செல்லாது. அதைப்போல் இரு மடங்கு தொலைவில் இருக்கும் ப்ரோவேன் எல்லைக்குள். அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதே.

வெர்சாயின் மூன்று நிலையங்கள்

வெர்சாய் போகாதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊருக்கு மூன்று நிலையங்கள் இருப்பதால் குழம்புகிறவர்கள் பலர். இதற்குக் காரணம் பழைய போட்டி. சேன் நதியின் வலக்கரையில் ஒரு கம்பெனி 1839-இல் பாதை போட்டது, இடக்கரையில் இன்னொரு கம்பெனி 1840-இல் போட்டது. இரண்டுக்கும் குறி, அரண்மனையைப் பார்க்கப் போகும் பாரிஸ்காரர்கள். ஷார்த்ர் பாதைக்கான மூன்றாவது நிலையம் 1849-இல் வந்தது. ஒரு நாள் ரயில் பயணம் என்ற பழக்கத்துக்கு இந்த ஊர் அவ்வளவு பழையது, அதன் முதல் பெருந்துயரமும் இங்கேதான். 1842 மே 8 அன்று மன்னர் லூயி-ஃபிலிப்பின் விழாவுக்காக வெர்சாயில் நீரூற்றுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தோடு இடக்கரைப் பாதையில் வந்த ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது, மெதோன் அருகே பெட்டிகள் எரிந்தன. பயணிகளை உள்ளே வைத்துக் கதவுகளைப் பூட்டுவது அன்றைய வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென் கடல்களைச் சுற்றிவந்த கடலோடி துமோன் துர்வில் மனைவியோடும் மகனோடும் அதில் மாண்டார். பிரான்சில் ரயில் பெட்டிக் கதவுகளைப் பூட்டும் வழக்கம் அதோடு ஒழிந்தது.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். அரண்மனைக்கு மிக அருகில் இருப்பது ஆர்.இ.ஆர். சி பாதையின் முனையமான வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ், பத்து நிமிட நடை. ஆனால் சி பாதை பல கிளைகளாகப் பிரியும். ஒரே நடைமேடையில் வெவ்வேறு ஊர்களுக்கு வண்டிகள் வரும். வண்டியின் நெற்றியில் வி-ஐ-சி-கே என்ற நான்கு எழுத்து இருந்தால் அது அரண்மனைப் பக்கம் போவது. கோடையில், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, சி பாதையின் நகர்ப் பகுதியைப் பராமரிப்புக்காக மூடுவது பல வருட வழக்கம். அப்போது வெளியூர்க்காரர்கள் நிலைய வாசலில் திகைத்து நிற்பார்கள். அவர்களுக்கு வழி இருக்கிறது: பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து என் (N) பாதை, வெர்சாய் ஷாந்தியே நிலையம், அல்லது சேன் லசாரிலிருந்து எல் பாதை, வெர்சாய் ரிவ் துருவாத் நிலையம். இரண்டிலிருந்தும் ஏறக்குறைய இருபது நிமிட நடை. விலை அதே 2.50. கோடை என்றில்லை, எந்த நாளிலும் மோன்பர்னாஸ் வழியையே நான் பரிந்துரைப்பேன். ரயில் நேரம் சி பாதையில் ஆவதில் பாதிகூட இல்லை, கூட்டமும் குறைவு. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலை என்றால் ரிவ் துருவாத் வழி நல்லது. போகிற வழியில் நோத்ர்-தாம் சந்தை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும், காலை ஒன்பது மணிக்கான சீட்டே உத்தமம். பூங்காவுக்குள் இருக்கும் த்ரியனோன் மாளிகைகள் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அங்கே காலையில் போய்ப் பயனில்லை. பருவக் காலத்தில் நீரூற்றுக் காட்சி நடக்கும் நாட்களில் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, பெரிய கால்வாயை ஒட்டிய பூங்கா எப்போதும் இலவசம்.

செவ்வாய்க்கிழமைப் பொறி

லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அதனால் அன்று வெளியூர் போய்விடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் பலர். அந்தக் கூட்டம் முழுக்க வெர்சாய்க்குப் போகிறது, ஏனென்றால் வெர்சாய்க்குத் திங்கள்தான் விடுமுறை. கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்று யோசித்து ஃபோந்தேன்ப்ளோவுக்குப் போகிறவர் பூட்டிய கதவைப் பார்ப்பார். அந்த அரண்மனைக்கும் செவ்வாய் விடுமுறை. ஷாந்தியிக்கும் அப்படியே. செவ்வாயன்று போக ஏற்றவை ஷார்த்ரும் ப்ரோவேனும். தேவாலயத்துக்கும் கோட்டைச் சுவருக்கும் வார விடுமுறை கிடையாது. வெர்சாய்க்குப் புதனும் வியாழனும் நல்லவை.

ஃபோந்தேன்ப்ளோ: அரண்மனையும் காடும்

இரண்டரை யூரோவுக்கு ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால் நான் சொல்லும் பெயர் இது. கார் து லியோன் நிலையத்திலிருந்து ஆர் பாதை, ஃபோந்தேன்ப்ளோ-அவோன் நிலையம், நாற்பது நிமிடம். மோன்தார்ழி நோக்கிப் போகும் வண்டியில் ஏறலாம். மோன்தெரோ நோக்கிப் போகும் வண்டி என்றால் பலகையில் மொரே வழி என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். எரிசி வழி என்று இன்னொன்று இருக்கிறது, அது மெலானுக்குப் பிறகு வேறு கரையில் பிரிந்து போய்விடும், ஃபோந்தேன்ப்ளோ பக்கமே வராது. நடைமேடை எண் புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்புதான் பலகையில் வரும். கார் து லியோனில் முதல் கூடத்து நடைமேடைகளுக்கு எழுத்து, இரண்டாவது கூடத்து நடைமேடைகளுக்கு எண். இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம் இருப்பதால் பலகை தெரியும் இடத்தில் நின்று காத்திருப்பதே புத்தி. கைபேசிச் செயலி சில நேரம் ஆர்.இ.ஆர். டி பிடித்து மெலானில் மாறச் சொல்லும். அது வழியெல்லாம் நின்று போகிற வண்டி, ஆர் பாதை வண்டி பெரும்பாலும் மெலான் வரை நிற்காமல் போகும்.

நிலையத்திலிருந்து அரண்மனைக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நகரப் பேருந்து வாசல் வரை போகும், அதற்குத் தனிச் சீட்டு வேண்டும் என்பதை மறந்து ரயில் சீட்டைத் தட்டிச் சிவப்பு விளக்கைப் பார்க்கிறவர்கள் அதிகம். குதிரை லாட வடிவில் இருபுறமும் இறங்கும் படிக்கட்டின் முன்னே 1814 ஏப்ரல் 20 அன்று நெப்போலியன் தன் காவல்படையிடம் விடைபெற்றார். வெர்சாயில் ஒரே அரச வம்சத்தின் பெருமிதத்தைப் பார்க்கிறோம். இங்கே பதினாறாம் நூற்றாண்டின் முதலாம் ஃபிரான்சுவாவிலிருந்து மூன்றாம் நெப்போலியன் வரை ஒவ்வொருவரும் கட்டிச் சேர்த்தது வரிசையாகக் கிடக்கிறது. உள்ளே நெரிசல் கிடையாது. ஒரு ஓவியத்தின் முன்னே வேண்டிய நேரம் நிற்கலாம்.

ஆனால் என் மனம் போவது காட்டுக்குத்தான். 1849-இல் ரயில் வந்த பிறகு பாரிஸ்காரர்கள் ஞாயிறுதோறும் இந்தக் காட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 1842-இல், நெப்போலியன் படையின் முன்னாள் வீரர் குளோத்-ஃபிரான்சுவா தெனெகூர் இங்கே நடைபாதைகளை வகுத்துப் பாறைகளிலும் மரங்களிலும் அடையாளமிடத் தொடங்கியிருந்தார். பொழுதுபோக்காக நடக்கிறவர்களுக்கு என்றே குறியிட்ட பாதைகளில் உலகின் மிகப் பழையவை இவை. அவர் வழிவந்த நீலக் குறிகளை இன்றும் பின்பற்றலாம். ஓவியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1861-இல் அரசாணை மூலம் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் மரம் வெட்டத் தடை வந்தது. அழகுக்காக என்று ஒரு காட்டைக் காப்பாற்றியது அப்போது புதுமை. நிலையத்திலிருந்து வடக்கே தெனெகூர் கோபுரம் வரை நடந்து, மேலேறிப் பார்த்து, வேறு பாதையில் இறங்கி வர மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். கையில் பிரான்சின் நில அளவை நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் வரைபடம் 2417 ஓ.டி. இருந்தால் நல்லது, பாதைகள் பல இடங்களில் குறுக்கே வெட்டிக்கொள்ளும், பாறை இடுக்குகளில் கைபேசி சமிக்ஞை நம்பத்தக்கதல்ல. மழை பெய்த மறுநாள் மணற்பாறை வழுக்கும், ஈரத்தில் பாறையின் வலுவும் குறையும். பாறை ஏறுகிறவர்கள் அது காயும்வரை தொடமாட்டார்கள். காலணியின் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அவோன் நிலையத்துக்குச் சற்று முன்பே, காட்டின் நடுவில் ஃபோந்தேன்ப்ளோ-ஃபோரே என்று ஒரு சிறு நிறுத்தம் இருக்கிறது. சனி, ஞாயிறு, விடுமுறை நாள் காலைகளில் மட்டும், பாரிஸிலிருந்து வரும் சில வண்டிகள் மட்டும் அங்கே நிற்கும். இறங்கலாம், திரும்ப அங்கிருந்து ஏற முடியாது. நடப்பதற்கென்றே போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். காட்டுக்குள் இறங்கி, நாள் முழுக்க நடந்து, அவோன் நிலையத்தில் போய் முடிக்கலாம்.

கோட்டுக்குள்ளே இன்னும் இரண்டு

ஓவேர்-சுர்-உவாஸ் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய கிராமம். ஓவியர் வான்கோ 1890 மே மாதம் இங்கே வந்து, எழுபது நாட்கள் இருந்து, நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரைந்து, ஜூலை 29 அன்று இறந்தார். தங்கியிருந்த ராவூ விடுதி, வரைந்த தேவாலயம், அதன் பின்னே கோதுமை வயல், வயலோரக் கல்லறைத் தோட்டத்தில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து. எல்லாம் நிலையத்திலிருந்து நடை தூரத்தில். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வார இறுதிகளில் கார் து நோரிலிருந்து காலையில் நேரடி வண்டி உண்டு. மற்ற நாட்களில் எச் பாதையில் ஏறி வால்மோந்துவாவிலோ போன்துவாஸிலோ மாற வேண்டும். அந்த இரண்டாவது வண்டி அடிக்கடி வராது. நேரம் பார்க்காமல் கிளம்பினால் நடுவழியில் வெகுநேரம் நிற்க நேரும். எச் பாதை வண்டிகள் கார் து நோரின் 30 முதல் 36 வரையிலான நடைமேடைகளில், கட்டடத்தின் கிழக்கு ஓரத்தில். குளிர்காலத்தில் விடுதி மூடியிருக்கும்; வயலும் தேவாலயமும் கல்லறையும் எப்போதும் திறந்தவை.

ப்ரோவேன், கார் து லெஸ்த் நிலையத்தில் தொடங்கும் பி (P) பாதையின் முனை. ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். முனையம் என்பதால் தூங்கிப்போனாலும் கவலையில்லை. நடுக்காலத்தில் ஷாம்பேன் வட்டாரத்தின் பெருஞ்சந்தைகள் கூடிய வணிக ஊர், 2001-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நிலையம் கீழூரில், மேலூரின் சேசர் கோபுரத்துக்கும் மதிலுக்கும் ஏறுமுகமாக இருபது இருபத்தைந்து நிமிட நடை. வண்டி ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான் என்பதால் இறங்கியவுடனேயே திரும்பும் நேரங்களைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். இதே பாதையில் வெர்னேய்-லேதான் நிலையத்தில் இறங்கினால் வோ-லெ-விகோந்த் மாளிகைக்குப் பருவக் கால இணைப்புப் பேருந்து கிடைக்கும். நிதியமைச்சர் ஃபூக்கே 1661 ஆகஸ்டில் அங்கே கொடுத்த விருந்தின் ஆடம்பரத்துக்குப் பிறகு, பதினான்காம் லூயி மூன்றே வாரத்தில் அவரைச் சிறைப்பிடித்தார். அந்த மாளிகையைக் கட்டிய கட்டடக் கலைஞரையும் ஓவியரையும் தோட்டக்காரரையும் வெர்சாய்க்கு அழைத்துக்கொண்டார். வெர்சாய் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

கோட்டுக்கு வெளியே

ஷார்த்ருக்கு மோன்பர்னாஸிலிருந்து வட்டார ரயில். விலை கூடுதல்தான், இருக்கைப் பதிவு தேவையில்லை. நிலையத்துக்குள் ஒரு எச்சரிக்கை: மோன்பர்னாஸின் 25 முதல் 28 வரையிலான நடைமேடைகள் வொஜிரார் என்ற தனிக் கூடத்தில், முதன்மைக் கூடத்திலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில். பலகையில் அந்த எண் வந்தால் ஓட வேண்டியிருக்கும். 1194 தீ விபத்துக்குப் பின் கால் நூற்றாண்டு சொச்சத்தில் எழுந்த தேவாலயம், அன்றைய வண்ணக் கண்ணாடிகளில் பெரும்பகுதியை இன்னும் வைத்திருக்கிறது. வெயில் நாளில் போங்கள். காலையில் கிழக்குச் சாளரங்கள், பிற்பகலில் மேற்கு வட்டச் சாளரம். தரையிலுள்ள சுழல் பாதையை நாற்காலிகள் மறைத்திருக்கும். பருவக் கால வெள்ளிக்கிழமைகளில் அவற்றை அகற்றி நடக்க விடுவார்கள். இதே ரயில் வெர்சாய் ஷாந்தியேயிலும் நிற்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நேர அட்டவணையில் முடியும். வெர்சாயில் நான்கு மணி நேரம் நின்ற கால்களோடு ஷார்த்ரின் கண்ணாடிகளை அண்ணாந்து பார்க்க முடியாது.

ஷாந்தியிக்கு அரை மணி நடை இருக்கிறதே என்று தொடக்கத்தில் சொன்னேன். இருந்தும் போக வேண்டிய இடம், காரணம் ஒரு உயில். ஓமால் கோமகன் தன் அரண்மனையையும் ஓவியங்களையும் பிரெஞ்சுக் கழகத்துக்குக் கொடுத்தபோது, எதையும் வெளியே இரவல் தரக் கூடாது, மாட்டிய இடத்தையும் மாற்றக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அதனால் அங்கிருக்கும் ரஃபேல் ஓவியங்கள் எந்த ஊர்க் கண்காட்சிக்கும் போகாது. பார்க்க வேண்டுமானால் நாம்தான் போக வேண்டும். வட்டார ரயிலில் 25 நிமிடம், ஆர்.இ.ஆர். டி-யும் போகும், ஆனால் நேரம் கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஜிவெர்னியும் ரான்ஸும் திட்டம் கேட்கும் ஊர்கள். ஜிவெர்னியில் ஓவியர் மோனேயின் தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டும். சேன் லசாரிலிருந்து வெர்னோன் வரை ரயில், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் கட்டண இணைப்புப் பேருந்து. அது ரயிலுக்கு ஏற்றாற்போல் ஓடுவதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் குவிவார்கள். வெர்னோனில் மிதிவண்டி வாடகைக்கு எடுப்பது நல்ல மாற்று, பாதை சமதரை. ரான்ஸுக்குச் சீட்டு வாங்கும்போது ரான்ஸ் மைய நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாம்பேன்-ஆர்தென் என்ற பெயரில் இன்னொன்று நகருக்கு வெளியே இருக்கிறது. அங்கே இறங்கினால் டிராம் பிடித்து வர வேண்டும். விலை முன்கூட்டி வாங்கினால் குறைவு, நெருங்க நெருங்க ஏறும். திரும்பும் சீட்டை இரவு வண்டிக்கு வாங்கினால் கடிகாரத் தொல்லை குறையும். மன்னர்கள் முடிசூடிய தேவாலயத்தோடு நில்லாமல் நிலையத்தின் பின்புறமுள்ள பழைய பள்ளிக்கூடத்துக்கும் போங்கள்; 1945 மே 7 அன்று ஜெர்மனி சரணடைந்த ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கேதான்.

சாப்பாடும் திரும்பும் வண்டியும்

சிறிய ஊர்களில் மதிய உணவு பன்னிரண்டு முதல் இரண்டு வரை. இரண்டரைக்குப் போய் உட்கார்ந்தால் அடுப்பு அணைத்தாயிற்று என்பார்கள். திங்களன்று பாதிக் கடைகள் திறக்காது. மரக்கறி உண்பவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்த கலெத் என்ற பக்வீட் மாவுத் தோசை எங்கும் கிடைக்கும், அதைத் தாண்டித் தேர்வு அதிகம் இருக்காது. ஆர்.இ.ஆர். வண்டிகளில் கழிப்பறை கிடையாது என்பதையும் குழந்தைகளோடு போகிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

பாதைப் பராமரிப்பு பெரும்பாலும் இரவிலும் வார இறுதியிலும் நடக்கும். கடைசி இரண்டு மூன்று வண்டிகளுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகும். முந்தைய இரவு, மாகாணப் போக்குவரத்து அமைப்பான இல்-து-பிரான்ஸ் மொபிலிதேயின் செயலியில் போகும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியைப் பாருங்கள். வேலைநிறுத்தம் என்றாலும் பதற வேண்டாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணிக்கு வராதவர்கள் 48 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும், எந்த வண்டிகள் ஓடும் என்பதை நிறுவனம் முந்தைய நாளே வெளியிட வேண்டும். கோட்டுக்குள்ளே போகிறவருக்கு இங்கேயும் ஒரு வசதி: கையிலிருக்கும் சீட்டு எந்தப் பாதைக்கும் செல்லும். காலையில் பி பாதையில் தடங்கல் என்று பலகையில் வந்தால் கார் து லெஸ்திலிருந்து கார் து நோருக்குப் பத்து நிமிடம் நடந்து, ப்ரோவேனை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, ஓவேருக்குக் கிளம்பிவிடலாம். கார் து நோரிலிருந்து லா ஷப்பேல் பக்கம் ஏறும் ஃபோபூர் சேன்-தெனி தெருவிலும் அதைச் சுற்றியும் ஈழத்தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஓவேரில் மதியம் மரக்கறி உணவு தேடி அலைவதைவிட, அங்கே வடையோ ரொட்டியோ கட்டிக்கொண்டு வண்டி ஏறுவது மேல்.